கரடி நாட்டில் எவர்சில்வர் துப்பாக்கி!

அலாஸ்காவின் சிறு விவசாயிகள் துருப்பிடிக்காத லீவர் துப்பாக்கியை விரும்பி வாங்குவது ஏன்? அதை எப்படித் தங்கள் கைக்கேற்ப மாற்றிக்கொள்கிறார்கள்? அதைத் தொடுவதற்கு முன் என்னவெல்லாம் செய்யவேண்டும்?

'அமெரிக்காவுல விவசாயிங்க துப்பாக்கி வெச்சுப் பயிரைக் காப்பாத்துறாங்களாமே, நமக்கு மட்டும் ஏன் கூடாது?' காட்டுப்பன்றித் தொல்லையைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் கூடவே வரும் கேள்வி இது. அங்கே உண்மையில் என்ன நடக்கிறது, அந்தத் துப்பாக்கியால் எதைச் சாதிக்க முடியும், எதைச் சாதிக்க முடியாது என்று தெரிந்துகொண்டால், நம் ஊர் நிலவரத்தையும் தெளிவாகப் பார்க்கலாம். அதற்குச் சரியான இடம் அலாஸ்கா.

62 கிலோ முட்டைக்கோஸ் விளையும் ஊர்

அமெரிக்காவின் வடகோடி மாநிலம் அலாஸ்கா. பனிப் பிரதேசம் என்றாலும் அங்கே விவசாயம் உண்டு. ஆங்கரேஜ் நகரத்துக்கு வடக்கே உள்ள மட்டனுஸ்கா பள்ளத்தாக்கில், 1935-ம் ஆண்டு பஞ்ச காலத்தில் சுமார் 200 குடும்பங்களை அரசாங்கமே குடியமர்த்தி விவசாயம் செய்யவைத்தது. கோடையில் ஒரு நாளைக்கு 19 மணி நேரம் வெயில் அடிப்பதால், முட்டைக்கோஸும் கேரட்டும் தாறுமாறாகப் பெருக்கும். அங்குள்ள பால்மர் ஊர்ச் சந்தையில், 2012-ம் ஆண்டு ஒரே ஒரு முட்டைக்கோஸ் 62 கிலோவைத் தாண்டி உலக சாதனை படைத்தது.

அதே மாநிலத்தில் சுமார் 30,000 பழுப்புக் கரடிகளும், சுமார் ஒரு லட்சம் கருங்கரடிகளும் இருப்பதாக வனவிலங்குத் துறை கணக்கிட்டுள்ளது. மக்கள்தொகை ஏழு லட்சத்துச் சொச்சம்தான். குளிர்கால உறக்கத்துக்கு முன் உடம்பில் கொழுப்பைச் சேர்க்க அலையும் கரடிக்கு, கோழிக்கூண்டும் தீவன மூட்டையும் தேனீப்பெட்டியும் பந்தியில் போட்ட இலை மாதிரி. ஒருமுறை ருசி கண்டுவிட்டால், அந்தப் பண்ணையைச் சுற்றியே வரும். கொடியாக் தீவில் மாடு வளர்ப்பவர்களுக்கும் கரடிகளுக்கும் இடையே பல பத்தாண்டுகளாகத் தகராறு. 1960-களில் மாடுகளைக் காப்பாற்ற, அரசுத் துறையே சிறு விமானத்திலிருந்து கரடிகளைச் சுட்டது. விஷயம் வெளியே தெரிந்து நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பியபிறகு அது நின்றுபோனது.

இப்படிப்பட்ட இடத்தில், வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு துப்பாக்கி இருப்பது சாதாரண விஷயம். அதில் பலருக்குப் பிடித்தது லீவர் துப்பாக்கி.

லீவரை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா!

விசைக்கு அடியில், விரல்களை நுழைத்துப் பிடிக்கும் வளையம்போல ஒரு லீவர் இருக்கும். அதைக் கீழே தள்ளினால், உள்ளே இருக்கும் போல்ட் பின்னால் நகர்ந்து, சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டை வெளியே தள்ளும். அப்போதே சுத்தியலும் பின்னால் மடங்கித் தயாராகிவிடும். லீவரை மேலே ஏற்றினால், அடுத்த தோட்டா குழலுக்குள் போய் உட்காரும். தோட்டாக்கள், சுடும் குழலுக்கு அடியில் இருக்கும் இன்னொரு குழாயில் வரிசையாகப் படுத்திருக்கும். பக்கவாட்டில் உள்ள சிறு கதவு வழியாக ஒவ்வொன்றாகத் திணித்து நிரப்பவேண்டும்.

பேட்டரி, கரன்ட் எதுவும் தேவையில்லை. கைபம்பு மாதிரி, கையால் இயக்கும் கருவி. 1860-ல் வந்த ஹென்றி துப்பாக்கியும், 1873-ல் வந்த வின்செஸ்டரும் இதைப் பிரபலமாக்கின. 1894-ம் ஆண்டு மாடல் வின்செஸ்டர் மட்டும் 70 லட்சத்துக்கு மேல் விற்றது. வாங்கியவர்களில் மாட்டுப் பண்ணைக்காரர்களும் குடியானவர்களும்தான் அதிகம். பக்கவாட்டில் தட்டையாக இருப்பதால், குதிரைச் சேணத்திலும் டிராக்டர் ஓரத்திலும் இடைஞ்சல் இல்லாமல் செருகிவைக்கலாம்.

தோட்டாவைப் பொறுத்து அதன் வேலை மாறும். '.30-30' என்ற தோட்டாவின் குண்டு சுமார் 10, 11 கிராம் எடை. மான் வேட்டைக்கு ஏற்றது. '.45-70' என்பது 1873-ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட பழைய தோட்டா. இதன் குண்டு 19 முதல் 26 கிராம் வரை இருக்கும். கிட்டத்தில் வரும் பெரிய கரடிக்கு இதைத்தான் நம்புகிறார்கள். ஆனால், தோளில் இடிக்கும் இடியும் பலமாக இருக்கும்; ஒரு தோட்டாவின் விலையும் 2 டாலருக்கு மேல்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. குழாய்க்குள் ஒரு தோட்டாவின் மூக்கு, முன்னால் இருக்கும் தோட்டாவின் அடிப்பாகத்தைத் தொட்டபடி இருக்கும். அந்த அடிப்பாகத்தில்தான் வெடிக்கவைக்கும் மருந்து இருக்கிறது. கூர்மூக்குக் குண்டு போட்டால், அதிர்ச்சியில் அது முன்னால் உள்ளதைக் குத்தி வெடிக்கவைத்துவிடலாம். அதனால் தட்டை மூக்குக் குண்டு, அல்லது இதற்கென்றே வரும் மென்மையான நுனி வைத்த குண்டு மட்டும்தான் போடவேண்டும்.

எவர்சில்வர் எதற்கு?

பழைய துப்பாக்கிகளுக்கு நீலம் பாய்ச்சிய இரும்புதான். பார்க்க அழகாக இருக்கும். ஆனால், அலாஸ்காவின் கடலோர மழையிலும் உப்புக்காற்றிலும் இரண்டு நாள் துடைக்காமல் விட்டால் துரு ஏறிவிடும். ஆகவேதான் எவர்சில்வர் குழலும் உடலும் கொண்ட துப்பாக்கிகள் வந்தன. மார்லின் நிறுவனத்தின் '1895 எஸ்.பி.எல்.' மாடல் இதில் பேர்போனது. எவர்சில்வர், பெரிய வளைய லீவர் என்பதன் சுருக்கம்தான் அந்த மூன்று எழுத்து. எடை சுமார் 3.3 கிலோ. புதுசு 1,500 டாலரை ஒட்டி வரும். மார்லின் கைமாறியபோது இதன் உற்பத்தி நின்றிருந்தது. 2020-ல் ரூகர் நிறுவனம் மார்லினை வாங்கி, 2021 டிசம்பரில் இந்த மாடலைத்தான் முதலில் சந்தைக்கு அனுப்பியது. பிரேசில் நாட்டில் தயாராகும் ராஸி துப்பாக்கியிலும் எவர்சில்வர் வகை உண்டு, விலை குறைவு. ஹென்றியின் 'ஆல் வெதர்' மாடலும் வெள்ளையாகப் பளபளக்கும். ஆனால், அது எவர்சில்வர் இல்லை. இரும்புக்கு மேல் கெட்டியாகக் குரோமிய முலாம் பூசியது. வாங்கும்போது இந்த வித்தியாசம் தெரிந்திருக்கவேண்டும்.

எவர்சில்வர் என்றாலும் துருவே பிடிக்காது என்று நினைத்துவிடக் கூடாது. உப்புத் தண்ணீர் ஊற்றிவைத்த எவர்சில்வர் குடத்தில் பழுப்புப் புள்ளி விழுவதை நம் வீடுகளில் பார்த்திருக்கிறோம். சமையல் பாத்திரத்தில் இருப்பதைவிடத் துப்பாக்கிக் குழலின் எவர்சில்வரில் குரோமியம் குறைவு. கடைந்து துளைபோட வசதியாகக் கந்தகமும் சேர்த்திருப்பார்கள். அதனால், உப்பும் வியர்வையும் பட்டால் அதிலும் குழி விழும். அதோடு, குழல் மட்டும் எவர்சில்வராக இருக்க, ஸ்பிரிங், ஆணி, குறிமுள் போன்றவை சாதாரண இரும்பாக இருப்பது வழக்கம். துரு முதலில் அங்கேதான் தொடங்கும்.

இன்னொரு குணமும் உண்டு. எவர்சில்வர் போல்ட்டும் நட்டும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு கழற்ற முடியாமல் போவது, மோட்டார் ரிப்பேர் பார்ப்பவர்களுக்குத் தெரியும். எவர்சில்வர்மீது எவர்சில்வர் உரசும் இடங்களில் கிரீஸ் வைக்காவிட்டால், துப்பாக்கியிலும் அதேதான்.

மண்வெட்டிக்குக் காம்பு போடுவதுபோல...

கடையில் வாங்கிய துப்பாக்கியை அப்படியே வைத்துக்கொள்பவர்கள் குறைவு. ஆளுக்கேற்ற நீளத்தில் மண்வெட்டிக்குக் காம்பு போடுவதுபோல, இதையும் மாற்றிக்கொள்கிறார்கள்.

கட்டை: தோளில் பதியும் கட்டையின் நீளம்தான் முதலில் கவனிக்கவேண்டியது. தடித்த குளிர்ச்சட்டை போட்டால் கட்டை நீளமாகிவிட்ட மாதிரி இருக்கும். தூக்கும்போது கக்கத்தில் சிக்கும். அதனால் கொஞ்சம் குட்டையாக வைத்துக்கொள்கிறார்கள். வால்நட் மரம் ஈரத்தில் ஊதி நெளியும். மெல்லிய மரத்தகடுகளைப் பிசின் வைத்து அழுத்தி ஒட்டிய, பிளைவுட் மாதிரியான கட்டை நெளியாது. கட்டையின் முனையில் கெட்டியான ரப்பர் வைத்தால் இடி குறையும்.

குறிபார்க்கும் பாகம்: பழைய மாடல்களில் 'வி' வடிவப் பள்ளம்தான் இருக்கும். வயதான கண்ணுக்கு அது மங்கலாகத் தெரியும். அதை எடுத்துவிட்டு, பெரிய துளையுள்ள வளையத்தைப் பொருத்துகிறார்கள். வளையத்தின் ஊடே பார்த்தால், கண் தானாகவே நடுவைப் பிடித்துக்கொள்ளும். கருக்கலிலும் வேகமாகக் குறிவைக்க முடியும்.

லீவர் வளையம்: கம்பளிக் கையுறை போட்ட கை நுழையவேண்டுமானால் வளையம் பெரிதாக இருக்கவேண்டும். சாதாரண மாடல் வைத்திருப்பவர்கள் இதை மட்டும் தனியாக வாங்கி மாட்டுகிறார்கள். வெறும் கைக்குப் பழைய வளையமே போதும்.

வார்: இரண்டு கையும் வேலையில் இருக்கும் விவசாயிக்கு இது அவசியம். தோளில் மாட்டாமல் வேலியில் சாய்த்துவைத்த துப்பாக்கி, தேவைப்படும் நேரத்தில் கையில் இருக்காது.

உட்பாகங்கள்: லீவர் வழுக்கிக்கொண்டு ஓட உள்ளே மெருகேற்றுவது, விசையை இலகுவாக்குவது போன்ற வேலைகளைத் தேர்ந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம்தான் விடவேண்டும். அளவுக்கு மீறி இலகுவான விசை, துப்பாக்கி கீழே விழுந்தாலே வெடிக்கவைத்துவிடும்.

குழலை அறுத்துக் குட்டையாக்கலாமா? அமெரிக்காவிலேயே அதற்கு எல்லை உண்டு. ரைஃபிள் குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தாலோ, மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைந்தாலோ, மத்திய அரசிடம் முன்கூட்டியே பதிவு செய்திருக்கவேண்டும். இல்லையென்றால் குற்றம். 1934-ல் இருந்து இந்தச் சட்டம் அமலில் இருக்கிறது.

பராமரிப்பு

குளிரில் இருந்த துப்பாக்கியைச் சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால், ஐஸ் தண்ணீர் டம்ளர் வியர்ப்பதுபோல உள்ளேயும் வெளியேயும் வியர்க்கும். துடைத்து, காயவிட்டு, எண்ணெய் தடவித்தான் பெட்டிக்குள் வைக்கவேண்டும். வின்செஸ்டர் வகையில் குழலைப் பின்பக்கமிருந்து சுத்தம் செய்ய முடியாது. வாய்ப்பக்கமிருந்துதான் கம்பியை விடவேண்டும். அப்போது கம்பி உரசி வாய் விளிம்பு தேய்ந்தால், குறி தவறும். மார்லினில் லீவர் ஆணி ஒன்றைக் கழற்றினால் போல்ட் வெளியே வந்துவிடும். பின்பக்கமிருந்தே சுத்தம் செய்யலாம். கடலோரத்தில் இருப்பவர்கள் மார்லினைத் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விபத்து அதிகம் நடக்கும் இடம், தோட்டாவை வெளியே எடுக்கும்போதுதான். பல மாடல்களில் லீவரை இயக்கி இயக்கித்தான் மிச்சமுள்ள தோட்டாக்களை வெளியேற்ற முடியும். ஒவ்வொரு முறையும் தோட்டா குழலுக்குள் போய்வரும். சுத்தியலும் மடங்கியே இருக்கும். குழலை ஆபத்தில்லாத திசையில் பிடித்து, விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டுத்தான் இதைச் செய்யவேண்டும். பிள்ளைகள் உள்ள வீட்டில் துப்பாக்கி ஒரு பூட்டிலும், தோட்டா வேறொரு பூட்டிலும் இருக்கவேண்டும்.

சுட்டால் கணக்கு சொல்லவேண்டும்

அலாஸ்காவில் ரைஃபிள் வைத்திருக்க மாநில லைசென்ஸ் தேவையில்லை. கடையில் வாங்கும்போது வயதும் குற்றப் பின்னணியும் மட்டும் சரிபார்க்கப்படும். 'அப்படியானால் கரடி வந்தால் சுடவேண்டியதுதானே' என்று தோன்றும். அங்குதான் சட்டம் குறுக்கே நிற்கிறது.

உயிரையோ உடைமையையோ காக்கச் சுடலாம். கால்நடையும் உடைமைதான். ஆனால், குப்பையையோ தீவனத்தையோ கண்டபடி போட்டுவைத்து, கரடியை நாமே வரவழைத்திருக்கக் கூடாது. மற்ற எல்லா வழிகளையும் முயன்று பார்த்திருக்கவேண்டும். சுட்டபிறகு துறைக்கு உடனே தகவல் சொல்லி, 15 நாள்களுக்குள் எழுத்து மூலம் அறிக்கை கொடுக்கவேண்டும். கரடியின் தோலை நகங்களோடு உரித்து, மண்டையோட்டையும் சேர்த்து அரசிடம் ஒப்படைக்கவேண்டும். ஒரு பெரிய கரடியை உரிப்பது எவ்வளவு நேர வேலை என்பது ஆடு உரித்தவர்களுக்குப் புரியும். கூலியும் கிடையாது; தோலும் நமக்கில்லை.

அதனால், அனுபவமுள்ளவர்கள் முதலில் பணம் போடுவது வேலிக்குத்தான். கோழிக்கூண்டு, தேனீப்பெட்டி, தீவன அறை ஆகியவற்றைச் சுற்றி மின்வேலி. இது கருவி வழியாக விட்டுவிட்டு வரும் துடிப்பு மின்சாரம். அடி பலமாக விழும், உயிரை எடுக்காது. கரடி முதன்முதலில் தன் ஈர மூக்கால் தொட்டுப் பார்த்துவிட்டால், பிறகு அந்தப் பக்கம் வரத் தயங்கும். இரண்டாவது, தீவனத்தை இரும்பு டிரம்மில் பூட்டிவைப்பது. மூன்றாவது, மிளகாயின் காரச்சத்தை அடைத்த ஸ்பிரே. 2008-ல் வெளியான அலாஸ்கா ஆய்வு ஒன்றில், பழுப்புக் கரடிகள்மீது இதை அடித்த சம்பவங்களில் 92 சதவிகிதத்தில் கரடி தன் போக்கை நிறுத்திக்கொண்டது. 2012-ல் வெளியான இன்னொரு ஆய்வு, கரடியை எதிர்கொண்ட 269 துப்பாக்கிச் சம்பவங்களை அலசியது. சுட்டவர்களுக்கும், துப்பாக்கி இருந்தும் சுடாதவர்களுக்கும் காயம்படுவதில் பெரிய வித்தியாசம் இல்லை என்பது அதன் முடிவு. பாய்ந்து வரும் கரடியைப் பதற்றத்தில் குறிபார்த்துச் சுடுவது அவ்வளவு லேசு இல்லை.

நீங்கள் கேட்டவை

கேள்வி: இந்தத் துப்பாக்கியை நம் நாட்டில் பயிர்ப் பாதுகாப்புக்கு வாங்க முடியுமா?

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, பயிர்ப் பாதுகாப்புக்கு என்று லைசென்ஸ் தரப்படுவது, வாய்ப்பக்கமாக மருந்து இடித்து நிரப்பும் நாட்டுத் துப்பாக்கி வகைக்குத்தான். அது போதாது என்று லைசென்ஸ் அதிகாரி கருதினால், உள்ளே வரி இல்லாத வழுவழுப்பான குழல் துப்பாக்கிக்கு அனுமதி தரலாம். லீவர் ரைஃபிள் இந்த வகைகளில் வராது. வெளிநாட்டுத் துப்பாக்கிகளைத் தனிநபர் இறக்குமதி செய்யவும் கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது.

கேள்வி: லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறது. காட்டுப்பன்றியைச் சுடலாமா?

கூடாது. துப்பாக்கி லைசென்ஸ் வேறு, விலங்கைக் கொல்லும் அனுமதி வேறு. காட்டுப்பன்றி 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தபடி, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விடவேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் மட்டும், பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடுவார்கள். அங்கும் விவசாயி தானாகச் சுட முடியாது. தொல்லை இருந்தால் வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் மனு கொடுங்கள். பயிர்ச் சேதத்தைப் போட்டோ எடுத்துவைத்து, இழப்பீட்டுக்கும் அங்கேயே விண்ணப்பியுங்கள்.

கேள்வி: தாத்தா காலத்து லைசென்ஸ் துப்பாக்கியின் குழல் முனை அரித்துவிட்டது. உள்ளூர்ப் பட்டறையில் அறுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். குழலைக் குட்டையாக்குவதும், ஒரு வகைத் துப்பாக்கியை வேறு வகையாக மாற்றுவதும் ஆயுதச் சட்டம் 6-ம் பிரிவின்படி தனி உரிமம் இல்லாமல் செய்யக் கூடாதவை. உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரரிடம் மட்டும் காட்டுங்கள். அரித்த குழலில் சுட்டால் வெடித்துக் கையும் கண்ணும் போகலாம். தாத்தா இறந்துவிட்டார் என்றால், துப்பாக்கியை வீட்டிலேயே வைத்திருக்காமல் காவல் நிலையத்தில் தெரிவித்து, வாரிசு பெயருக்கு லைசென்ஸ் கேட்கும் வழியைப் பாருங்கள்.

கேள்வி: துப்பாக்கி கிடைக்காது என்றால், வீட்டுக் கரன்ட்டை வேலியில் விடுவதுதானே எளிது?

உயிரோடு விளையாடும் வேலை அது. அலாஸ்காவில் போடுவது, கருவி வழியாக வரும் துடிப்பு மின்சாரம். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் விட்டால், பன்றி மட்டும் சாகாது. இரவில் தண்ணீர் பாய்ச்ச வரும் பக்கத்துக் காட்டுக்காரரும், உங்கள் வீட்டுப் பிள்ளையும்கூட அதில் சிக்கலாம். இப்படிச் செத்தவர்களின் செய்தியை நாம் ஒவ்வொரு வருடமும் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். வேலி போட்டவர் சிறைக்குப் போகிறார். இரண்டு குடும்பமும் நாசமாகிறது. அவுட்டுக்காய் வைப்பதும் இதே ரகம்தான். மேயப் போன மாட்டின் வாயைக் கிழித்துவிடும். சோலார் மின்வேலி போடுங்கள். காட்டை ஒட்டிய நிலமாக இருந்தால், 2023-ம் ஆண்டு மின்வேலி விதிகளின்படி வனத்துறையிடம் பதிவு செய்யவேண்டும். வேலியின் கீழ்க் கம்பியில் புல் படாமல் அவ்வப்போது வெட்டிவிடுங்கள். புல் பட்டால் மின்துடிப்பு மண்ணுக்குள் இறங்கிவிடும்; பன்றியும் உள்ளே வந்துவிடும்.